என்ஸ்கேப்பா, பிளெண்டரா? பட்டாசலுக்குள் வரும் வெயிலை வைத்து எடுத்த முடிவு

பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு வீடுகளுக்கு உள் அலங்கார ரெண்டர், அதாவது கட்டும் முன்பே வீடு எப்படி இருக்கும் என்று காட்டும் கம்ப்யூட்டர் படம், செய்து கொடுப்பதுதான் என் பிழைப்பு. போன வருடம் வரை எல்லாமே ஸ்கெட்ச்அப்பில் வீட்டை வரைந்து, அதன்மேல் என்ஸ்கேப் என்ற மென்பொருளில் படமாக்குவதுதான். இந்த வருடம் சந்தாவைப் புதுப்பிக்காமல் பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளுக்கு மாறிவிட்டேன். அதில் உள்ள சைக்கிள்ஸ் ரெண்டரில்தான் இப்போது எல்லா வேலையும் நடக்கிறது. தெரிந்த பையன்கள் நாலைந்து பேர் ஏன் என்று கேட்டார்கள். அவர்களுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் தள்ளிவிடலாம். என்ஸ்கேப் வேகம், பிளெண்டர் மெதுவு. என்ஸ்கேப்புக்கு சந்தா கட்ட வேண்டும், பிளெண்டர் 2002லிருந்து திறந்த மூல மென்பொருள், காசு கிடையாது. என்ஸ்கேப்பை ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம். பிளெண்டருக்கு எனக்கு நாலு மாதம் ஆனது. சோபா, செடி, விளக்கு என்று தயார் சாமான்கள் இரண்டுக்குமே வேண்டிய அளவு கிடைக்கின்றன. இதையெல்லாம் வைத்து நான் முடிவெடுக்கவில்லை. முடிவெடுக்க வைத்தது வெளிச்சம்.

எங்கள் பக்கத்து வேலை எப்படிப்பட்டது என்பதைச் சொன்னால்தான் இது புரியும். வீட்டுக்காரர் சவூதியில் இருப்பார், அவர் அம்மா திசையன்விளையில் இருப்பார், ஆசாரி வள்ளியூரிலிருந்து வருவார். மூன்று பேருக்கும் நடுவில் இருப்பது வாட்ஸ்அப்பில் போகிற அந்தப் படம் ஒன்றுதான். அதை நம்பித்தான் அங்கிருந்து பணம் வருகிறது, இங்கே ஜன்னலின் அளவு முடிவாகிறது.

அப்படி ஒரு வீட்டுக்கு நான் கொடுத்த படத்தில் தெற்கு ஜன்னல் வழியாக வெயில் வந்து, சோபாவைத் தாண்டி நடுப் பட்டாசல் (ஹால்) வரை விழுந்து கிடந்தது. டிசம்பர் மாத நடுப்பகல். பார்த்த உடனே பிடித்துப்போய் ஒரே படத்தில் சரி சொன்னார்கள். வீடு முடிந்து, மார்கழியில் பால் காய்ச்சினார்கள். அந்த அம்மா என்னைக் கூப்பிட்டு ஜன்னலோரம் நிறுத்தினார்கள். "தம்பி, படத்துல வெயிலு நடு வீடு வரைக்கும் வந்து கெடந்துச்சே. இப்படித்தான் இருக்கும்னு சொன்னியளே. இங்க பாருங்க, மத்தியானத்துலயே லைட்டப் போட வேண்டியிருக்கு."

தரையைப் பார்த்தேன். வெயில் ஜன்னலை ஒட்டி இரண்டு டைல்ஸ் அளவுகூட வரவில்லை.

தப்பு என்னுடையது. ஃபைலில் ஊரைக் குறிக்காமல் விட்டிருந்தேன். நான் வைத்திருந்த டெம்ப்ளேட்டில் இருந்தது அமெரிக்காவின் கொலராடோவில் உள்ள போல்டர் நகரம். அது 40 டிகிரி வடக்கில் இருக்கிறது, நம் ஊர் 8.7 டிகிரியில். டிசம்பர் கடைசியில் அங்கே நடுப்பகல் சூரியன் 27 டிகிரி உயரத்துக்குத்தான் ஏறும், இங்கே 58 டிகிரிக்கு ஏறும். 7 அடி உயரத்தில் ஜன்னலுக்கு மேலே வரும் லிண்டலுக்குக் கீழே அங்கே வெயில் ஏறத்தாழ 14 அடி உள்ளே வரும். இங்கே நாலரை அடி. அதிலும் 2 அடி சன்ஷேடு போட்டால் மிச்சம் இரண்டரை அடிதான். கோடையில் கதையே மாறிவிடும். ஏப்ரல் இரண்டாவது வாரத்தில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வந்து, அதன்பின் ஆகஸ்டு கடைசி வரை நடுப்பகலில் வடக்குப் பக்கம் நிற்கும். அந்த மாதங்களில் தெற்கு ஜன்னலில் நேர் வெயிலைக் காட்டும் படம் திருநெல்வேலிப் படமே இல்லை.

ஊரைக் குறிப்பது இரண்டு மென்பொருளிலும் முடியும். ஸ்கெட்ச்அப்பில் ஊரைக் கொடுத்துவிட்டால் என்ஸ்கேப் அதை அப்படியே எடுத்துக்கொள்ளும். பிளெண்டரில் சன் பொசிஷன் என்ற துணைநிரலில் அட்சரேகை, தீர்க்கரேகை, தேதி, நேரம் கொடுக்க வேண்டும். ஆகவே இதுவரை இரண்டும் சமம். சூரியனைச் சரியான இடத்தில் வைத்த பிறகுதான் வித்தியாசம் தெரிய ஆரம்பித்தது.

நேர் வெயில் இரண்டரை அடியோடு நின்றுவிட்டால், அதற்கு அப்பால் இருக்கிற எல்லாமே தெறித்து வரும் வெளிச்சத்தில்தான் தெரியும். தரையில் பட்டு, சீலிங்கில் பட்டு, எதிர்ச் சுவரில் பட்டு, அடுத்த அறைக்குள் போகும் வெளிச்சம். எங்கள் ஆச்சி வீட்டில் சிவப்பு ஆக்சைடு தரை. காலையில் கிழக்கு ஜன்னலோரம் வெயில் விழும்போது, வெள்ளையடித்த சுவரின் கீழ்ப் பாதி மட்டும் லேசாக ரோஸ் நிறமாகிவிடும். சுவரை ஒட்டிக் கையை நீட்டினால் உள்ளங்கைகூடச் சிவந்து தெரியும். சின்ன வயதில் அதில் விளையாடியிருக்கிறேன். ஒரு ரெண்டர் நிஜமாகத் தெரிவதும் பொம்மையாகத் தெரிவதும் பெரும்பாலும் இந்த ரோஸ் நிறம் வருகிறதா இல்லையா என்பதில்தான் இருக்கிறது.

சைக்கிள்ஸ் ஒரு பாத் டிரேசர். 1986ல் ஜேம்ஸ் கஜியா எழுதிய கட்டுரையிலிருந்து வருகிற முறை. ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் ஒளிக்கதிரை விட்டு, அது எதில் படுகிறது, அங்கிருந்து எங்கே திரும்புகிறது என்று விடாமல் பின்தொடரும். நொடிக்குப் பல படம் காட்ட வேண்டிய மென்பொருள் எதுவானாலும் இந்தக் கணக்கில் எங்காவது குறுக்கு வழி எடுத்துத்தான் ஆக வேண்டும். ஜன்னல் பெரிதாக இருக்கும் ஹாலில் அது தெரியாது. இரண்டு வாசல் தாண்டி உள்ளே இருக்கும் பூஜை அறையிலும் மாடிப்படிக்கு அடியிலும் தெரிந்துவிடும்.

இன்னொன்று எக்ஸ்போஷர், அதாவது படத்தின் மொத்த வெளிச்ச அளவு. என்ஸ்கேப்பில் ஆட்டோ எக்ஸ்போஷர் உண்டு. இருட்டான அறைக்குள் போனால் அதுவே வெளிச்சத்தைத் தூக்கிக் கொடுத்துவிடும். அணைத்து வைக்கலாம், நான்தான் அணைத்ததில்லை. பிளெண்டரில் எண்ணை நாமேதான் போட வேண்டும். ஒரு வீட்டின் எல்லா அறைக்கும் பகல் படத்தில் ஒரே எண்ணை வைத்துவிட்டால், எந்த அறை இருட்டு என்பதை யாரும் மறைக்க முடியாது.

மாறியபின் முதல் இரண்டு வாரம் படங்கள் மோசமாகத்தான் வந்தன. ஒவ்வொன்றாகச் சரியானது. முதலில் வெள்ளை. நிறத்தின் எண் 0 (கறுப்பு) முதல் 255 (முழு வெள்ளை) வரை போகும், சுவருக்கு 255 வைத்திருந்தேன். அப்படி ஒரு சுவர் உலகத்தில் இல்லை. நல்ல வெள்ளை பெயிண்டே விழும் வெளிச்சத்தில் ஏறத்தாழ 80 சதவீதத்தைத்தான் திருப்பும். அந்த எண் வெளிச்சத்துக்கு நேர் விகிதத்தில் போகாது, 80 சதவீதத்துக்கு வருவது 231. அதற்கு இறக்கியதும் சீலிங் மூலையில் நிழல் வந்து உட்கார்ந்தது, அறை அறையாகத் தெரிந்தது. அடுத்தது பவுன்ஸ், வெளிச்சம் எத்தனை முறை பட்டுத் தெறிக்கலாம் என்ற எண். சைக்கிள்ஸில் டிஃப்யூஸ் பவுன்ஸ் 4 என்றுதான் வரும். உள் அறைகளுக்கு அது போதாது, நான் 8 வைக்கிறேன். ஜன்னல் கண்ணாடியில் ஒரு சிக்கல் இருக்கிறது: கிளாஸ் ஷேடரை (கண்ணாடிப் பொருளுக்கான அமைப்பை) அப்படியே போட்டால் வெயில் அதில் தடைபட்டு, உள்ளே விழ வேண்டிய வெயில் திட்டு காணாமல் போகும். நிழலைக் கணக்கிடும் கதிருக்கு மட்டும் கண்ணாடியை ஊடுருவ விட வேண்டும், இல்லையென்றால் கண்ணாடியை எடுத்தே விடலாம். ஜன்னலில், வெளிச்சம் இந்த வழியாகத்தான் வருகிறது என்று மென்பொருளுக்குக் காட்டும் போர்ட்டல் வைத்தால் புள்ளிப் புள்ளியாக வரும் இரைச்சல் குறையும்.

அப்படியும் மிஞ்சும் இரைச்சலை டீனாய்சர் துடைக்கும். அதில் ஒரு விலை உண்டு. கட்டில் பக்கத்தில் விரித்த பத்தமடைப் பாய் ஒன்றை மாடல் செய்திருந்தேன், கோரை ஒவ்வொன்றும் தெரிகிற மாதிரி. குறைந்த சாம்பிளில் (ஒரு புள்ளிக்கு விடும் கதிர்களின் எண்ணிக்கையில்) ரெண்டர் செய்து டீனாய்சர் ஓட்டினால் பாய் பட்டுத்துணி மாதிரி வழுவழுவென்று ஆகிவிட்டது. 150 சாம்பிளை 600 ஆக்கிய பிறகுதான் பின்னல் திரும்பி வந்தது. பாய், தேக்கு மர ரேகை, கதர் திரை இதெல்லாம் இருக்கும் படத்தில் சாம்பிளில் கஞ்சத்தனம் பண்ணக் கூடாது.

நிறத்தில் பிளெண்டருக்கு ஒரு குறை உண்டு. 4.0 பதிப்பில், 2023ல் வந்த ஏஜிஎக்ஸ் என்ற வண்ண மாற்றம், ஜன்னல் வெளிச்சம் வெளுத்துப் போகாமல் அழகாக இறங்கி வர உதவுகிறது. ஆனால் அதுவே அடர்ந்த நிறங்களைக் கொஞ்சம் வெளிறச் செய்கிறது. நீல மைக்கா படத்தில் சாம்பல் கலந்த நீலமாகத் தெரியும். அதனால் இப்போது படத்தோடு மைக்காவின் சாம்பிள் துண்டையும் வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிறேன். நிறத்துக்குத் துண்டைப் பாருங்கள், வெளிச்சத்துக்குப் படத்தைப் பாருங்கள் என்று சொல்லிவிடுவேன்.

விளிம்பு, அளவு பற்றிய விஷயங்கள் எந்த மென்பொருளிலும் ஒன்றுதான், சுருக்கமாகச் சொல்கிறேன். அலமாரிக் கதவின் ஓரத்துக்கு 1 மில்லிமீட்டர் பெவல் (கூர் மழுக்கல்), இரண்டு கதவுக்கும் நடுவே 2 மில்லிமீட்டர் இடைவெளி. மைக்கா ஷீட் 8க்கு 4 அடி, அதற்கு மேல் ரேகை ஒட்டில்லாமல் ஓடினால் ஆசாரி சிரிப்பார். கேமராவை நாலேகால் அடி உயரத்தில் வைத்து, சுவர்கள் நேராக நிற்கிற மாதிரி பார்த்துக்கொண்டால் போதும்.

நேரக் கணக்கு: என்னிடம் இருப்பது 12 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு. என்ஸ்கேப்பில் ஒரு நிமிடத்துக்குள் வந்த படம் சைக்கிள்ஸில் பதினைந்து இருபது நிமிடம் எடுக்கிறது. ராத்திரி வரிசையில் போட்டுவிட்டுத் தூங்கப் போய்விடுவேன். இன்வெர்ட்டர் இல்லாமல் இதைச் செய்ய வேண்டாம். கரண்ட் போனால் பாதியில் நின்ற படத்தை மறுபடி முதலிலிருந்து ஓட்ட வேண்டும். கஸ்டமர் பக்கத்தில் உட்கார்ந்து சோபாவை இங்கே தள்ளு, அங்கே தள்ளு என்று சொல்லும் வேலைக்கு என்ஸ்கேப்தான் கெட்டிக்காரன். அதை நான் இழந்திருக்கிறேன், பிளெண்டரில் உள்ள ஈவீ என்ற வேக ரெண்டர் அந்த இடத்தைப் பாதிதான் நிரப்புகிறது.

வி-ரே என்ற இன்னொரு ரெண்டர் மென்பொருள் பற்றிக் கேட்பார்கள். அதுவும் ஒளியை இதே போலத் துரத்தும், திரைப்பட வேலைக்கெல்லாம் போகிறது. நான் அதில் செய்தது ஒரே ஒரு வீடு. படம் அருமையாக வந்தது. அதை வைத்து அதிகம் பேசுவது சரியில்லை. லுமியன் என்ற மென்பொருளை நண்பர் கடையில் பார்த்ததோடு சரி. அது வீட்டின் வெளித்தோற்றத்துக்கும் தோட்டத்துக்கும் பொருத்தம் என்று தோன்றியது.

ரெண்டரை உள்ளே போட்டால் நொடியில் போட்டோ மாதிரி ஆக்கித் தரும் ஏஐ கருவிகளையும் ஒரு மாதம் வைத்துப் பார்த்தேன். பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் நாலு கதவு லாஃப்ட் மூன்று கதவாகியிருந்தது, கிரில்லில் நான் போட்ட டிசைன் வேறு ஏதோவாகியிருந்தது, ஜன்னலிலிருந்து வந்த வெயிலின் நிழலும் மேஜையின் நிழலும் வேறு வேறு பக்கம் விழுந்தன. ஆசாரி அந்தப் படத்தைப் பார்த்துத்தான் மரம் அறுப்பார். வெளியே தெரியும் மரத்துக்கும் வானத்துக்கும் வேண்டுமானால் பயன்படுத்தலாம்.

இப்போது பெருமாள்புரத்தில் ஒரு வீடு போய்க்கொண்டிருக்கிறது. நடு அறைக்கு ஒரே ஒரு சின்ன வெண்டிலேட்டர். சைக்கிள்ஸ் படத்தில் மதியம் 3 மணிக்கே அறை இருண்டு கிடந்தது. தூக்கிக் காட்டாமல் அப்படியே அனுப்பினேன். அன்று ராத்திரியே வீட்டுக்காரர் கூப்பிட்டார். "அண்ணாச்சி, இது இவ்வளவு இருட்டாவா இருக்கும்?" இருக்கும் என்றேன். கான்கிரீட் போட இன்னும் பத்து நாள் இருந்தது. கூரையில் இரண்டுக்கு இரண்டு அடி கண்ணாடித் திறப்பு ஒன்றை வரைந்து மறுபடி ஓட்டினேன். இந்த முறை வெளிச்சம் எதிர்ச் சுவர் வரை இறங்கியிருந்தது. கொத்தனாரிடம் அந்த இடத்தில் கம்பி கட்டாமல் விடச் சொல்லிவிட்டார்கள்.

லேப்டாப் பலவீனமாக இருந்து என்ஸ்கேப்பிலேயே தொடர வேண்டியவர்கள், ஃபைலில் முதல் வேலையாக ஊரைத் திருநெல்வேலி என்று மாற்றுங்கள். ஆட்டோ எக்ஸ்போஷரை அணையுங்கள். சுவரை 231க்கு இறக்குங்கள். முதல் படம் இருட்டாகத்தான் வரும். அதில் போலி விளக்கை வைப்பதற்கு முன்னால் ஜன்னலின் அளவைப் பாருங்கள்.