கறுப்பு வெள்ளைக் கட்டத் தரை: சில வருடப் புழக்கத்தில் தெரிவது

கட்டம் போட்ட தரையில் அதிகம் வேலை வாங்குவது கறுப்பு டைல்தான். போர் தண்ணீரில் துடைத்து அப்படியே காயவிட்டால் உப்பு வெள்ளை வெள்ளையாகப் படியும். பளபளப்பான கறுப்பாக இருந்தால் வாசல் பக்கம் செருப்பு மணல் தேய்த்து முதலில் மங்குவதும் அதுதான். அதனால் இரண்டு நிறமுமே மேட் ஃபினிஷில் (பளபளப்பில்லாததாக) வாங்குவது நல்லது. பிழிந்த மைக்ரோஃபைபர் துணியால் துடைத்து, உடனே காய்ந்த துணியால் ஒரு முறை இழுத்துவிட்டால் போதும். ஃபினாயில் தாராளமாக ஊற்றினால் கறுப்பின் மேல் மங்கலான படலம் நிற்கும். வெள்ளையில் தலைமுடி தெரியும், பெருக்கினால் போய்விடும்.

அடுத்தது அளவு. ஒரே நிறத் தரையில் ஒரு மில்லிமீட்டர் பிசகு யார் கண்ணிலும் படாது. இதில் நாலு மூலை சேரும் புள்ளி ஒவ்வொன்றும் காட்டிக்கொடுக்கும். இரண்டு நிறமும் ஒரே கம்பெனி, ஒரே வரிசை, ஒரே கனமாக இருக்க வேண்டும். கடையிலேயே பத்து கறுப்பையும் பத்து வெள்ளையையும் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கிப் பாருங்கள். மொத்த நீளத்தில் 3 மி.மீ. வித்தியாசம் வந்தால் வேண்டாம்.

12 அடி 4 அங்குலத்துக்கு 10 அடி 8 அங்குலம் உள்ள அறையை எடுத்துக்கொள்வோம். 300 மி.மீ. டைல், 2 மி.மீ. ஸ்பேசர் (டைல்களுக்கு நடுவே ஒரே இடைவெளி விட வைக்கும் துண்டு). நீளவாக்கில் சுவரிலிருந்து ஆரம்பித்தால் கடைசியில் சுமார் 5 அங்குலத் துண்டு மிஞ்சும், பார்க்கச் சகிக்காது. அறையின் நடுவில் நூல் பிடித்து, நடு டைலின் மையம் அதன் மேல் வரும்படி வைத்தால் 11 முழு டைல், இரு ஓரத்திலும் சுமார் எட்டரை அங்குலம். அகலத்தில் 9 முழு டைல், ஓரங்களில் சுமார் பத்தரை அங்குலம். ஆக 13 × 11 = 143. இரண்டுமே ஒற்றைப்படை என்பதால் அறையின் நாலு மூலையும் ஒரே நிறம்; எந்த நிறம் என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். அது 72, மற்றது 71. வெட்டுச் சேதாரம் சேர்த்து நிறத்துக்கு 80 வாங்கலாம்.

சுவர்கள் மூலைமட்டத்தில் இருக்கும் என்று நம்ப வேண்டாம் (பெரும்பாலும் இருக்காது). நடு நூல்களை 3-4-5 அடி கணக்கில் (ஒரு நூலில் 3 அடி, மற்றதில் 4 அடி குறித்தால் குறுக்கே 5 அடி வர வேண்டும்) சரிபார்த்து, முதலில் பசையில்லாமல் இரண்டு வரிசை பரப்பிப் பாருங்கள். சுவர் ரொம்பக் கோணலாக இருந்தால் கட்டத்தை டைமண்டாகத் திருப்பிப் போட்டால் கோணல் அவ்வளவாகத் தெரியாது. அப்படிப் போடும்போது சேதாரத்துக்கு 15 சதவீதம் வையுங்கள்.

விட்ரிஃபைட் டைல் (கண்ணாடிபோல் இறுகச் சுட்டது) தண்ணீரை அநேகமாக உறிஞ்சாது என்பதால் வெறும் சிமெண்ட் பாலில் சரியாகப் பிடிக்காது. டைல் அட்ஹெசிவ்தான் வேண்டும், 3 மி.மீ. கனத்துக்கு 20 கிலோ மூட்டை சுமார் 45 முதல் 50 சதுர அடி வரும். பல்லுக்கரண்டியால் (ஓரத்தில் பல் வெட்டிய கரண்டி) முழுக்க இழுக்காமல் ஐந்து இடத்தில் உருண்டை வைத்து ஒட்டினால் அடியில் பொள்ளலாகிவிடும். தட்டினால் டொக்கென்று சத்தம் கேட்கும். கனமான பாத்திரம் விழுந்தால் அந்த டைல்தான் உடையும்.

கிரௌட் (டைல் இடுக்கை நிரப்பும் கலவை) நிறத்தில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். கறுப்பு கிரௌட் மேட் வெள்ளையின் நுண்துளைகளில் ஏறி ஓரம் அழுக்காகவே நிற்கும். வெள்ளை கிரௌட் சில மாதத்திலேயே பழுப்பாகும். நடுச் சாம்பல் இரண்டுக்கும் ஒத்துப்போகும். அதை எபாக்சியில் (சிமெண்டுக்குப் பதில் பிசின் கலவை) போட்டால் செலவு கூடும், ஆனால் கறை ஏறாது. சிமெண்ட் கிரௌட் என்றால் ஆசிட் பக்கமே போகக் கூடாது, அரித்துவிடும்.

மிஞ்சும் டைலைத் திருப்பிக் கொடுக்காதீர்கள். நிறத்துக்கு ஐந்து டைலாவது, ஷேட் எண் அச்சிட்ட பெட்டியோடு பரணில் கிடக்கட்டும். பின்னால் வாங்கினால் வெள்ளையில் ஷேட் ஒத்துவருவது அபூர்வம்.