வழிகாட்டியோடு அரைநாள் தூண்டில் பயணம்: காசுக்குத் தகுமா?

பொழுதுபோக்காகத் தூண்டில் போட ஆசைப்படுகிறவர்களைப் படகில் அழைத்துப்போகும் சேவை இது. எத்தனை மீன் கிடைத்தது என்பதை வைத்து மட்டும் மதிப்பெண் போட்டால் நட்சத்திரம் குறையும், நான் அப்படிப் பார்க்கவில்லை.

வழிகாட்டிதான் பெரிய பலம். பிடித்த மீனைத் திரும்பத் தண்ணீரிலேயே விடுவதால், அதைத் தொடுமுன் கையை நனைக்கச் சொன்னார், உலர்ந்த கை பட்டால் அதன் மேலுள்ள வழுவழுப்புப் படலம் போய்த் தொற்று வருமாம், அதனால் கொக்கியைக் கழற்றும்வரை மீனைத் தண்ணீருக்குள்ளேயே வைத்திருந்தார். முன்பு வலைபோட்டு விற்றவர். விட்டுவிடும் மீன் இன்னொரு நாளும் சம்பாதித்துத் தரும் என்கிறார், கணக்கு சரிதான்.

நாம் கட்டும் பணம் படகுக்காரர், இரை விற்பவர், தூண்டில் இழையான நரம்பைச் சுற்றிவைக்கும் ரீலைப் பழுதுபார்ப்பவர் என்று பிரிந்துபோகிறது. உலக வங்கியின் 2012 அறிக்கை இப்படிப் பொழுதுபோக்காக மீன்பிடிப்பவர்கள் உலகில் குறைந்தது 22 கோடிப் பேர் என்கிறது. அமெரிக்காவில் 1950-இல் வந்த சட்டப்படி தூண்டில் சாமான்கள் மீதான வரி மீன்வளத்துக்கே திரும்புகிறது. வெட்டி வேலை என்பவர்கள் இதையும் கொஞ்சம் பார்க்கலாம்.

கூட வந்தவர்கள் யாரோ எவரோ, ஆனால் முடிச்சை எச்சில் தொட்டு ஈரமாக்கி இறுக்கினால்தான் நரம்பு சூடாகிப் பலம் குறையாது என்று ஒரு பெரியவர் பக்கத்திலிருந்த பையனுக்குக் காட்ட, அதிலிருந்து படகு முழுக்கப் பேச்சுதான்.

குறையும் உண்டு. வாடகை ரீலில் நரம்பு பழசு, சுருண்டு சுருண்டு சிக்கியது, மீன் இழுக்கும்போது நரம்பை விட்டுக்கொடுக்கும் டிராக்கும் இறுகிக் கிடந்தது. சொந்த ரீல் இருந்தால் கொண்டுபோங்கள், அப்புறம் லைஃப் ஜாக்கெட் உங்கள் அளவுக்கு இருக்கிறதா என்று ஏறுமுன்பே போட்டுப் பாருங்கள்.