பில்லில் புதுச் செயின், வண்டியில் பழைய செயின்

சென்னையில் கியர் சைக்கிளை 'ஃபுல் சர்வீஸ்' விடப் போகிறவர்கள் ஐந்து நிமிஷம் ஒதுக்கி இதைப் படித்துவிட்டுப் போங்கள். கடையின் பெயரை எழுதவில்லை. நாலு பேரிடம் புலம்பியதில் இரண்டு பேர் "எனக்கும் இதே கதைதான்" என்றார்கள், ஆளுக்கு ஒரு கடையைச் சொல்லி. ஆகவே கடையின் பெயரைவிட, இந்த வேலையை எப்படிச் செய்கிறார்கள் என்பது தெரிவதுதான் உங்களுக்கு உதவும்.

நான் ரேஸ் ஓட்டுகிற ஆள் இல்லை. வார நாட்களில் ஆபீஸ், ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன் திருவான்மியூரில் ஏறி ஈசிஆரில் கோவளம் வரை போவது, கால் ஒத்துழைத்தால் மாமல்லபுரம், அங்கே இட்லி, வெயில் ஏறுவதற்குள் வீடு. அவ்வளவுதான் என் சைக்கிள் வாழ்க்கை. வண்டியும் பெரிய வண்டி இல்லை. முன்னால் இரண்டு, பின்னால் எட்டு என்று ஷிமானோ கிளாரிஸ் கியர் போட்ட ஆரம்ப நிலை ரோடு பைக். வீட்டில் மட்டும் அதைத் துடைப்பதற்கு நான் செலவழிக்கும் நேரத்தைப் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. ஈசிஆரில் ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும், துடைக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று. உப்புக் காற்றும் சாலையோர மணலும் சேர்ந்து செயினை அரித்துத் தின்றுவிடும்.

இந்த முறை 200 கிலோமீட்டர் பிரெவேக்கு, அதாவது நேரக் கெடு வைத்து ஓட்டும் நெடுந்தூர சைக்கிள் பயணத்துக்குப் பெயர் கொடுத்திருந்தேன். பந்தயம் கிடையாது, 13 மணி 30 நிமிஷத்துக்குள் முடித்தால் போதும். ஆனால் வழியில் எங்கே எது போனாலும் நம் கையால் நாமே சரிசெய்துகொள்ள வேண்டும். வெளி ஆள் வந்து உதவுவதானால், வழியில் நம் வருகையைப் பதிகிற கண்ட்ரோல் பாயிண்டில் மட்டும்தான் அனுமதி. நடுவழியில் செயின் அறுந்து நிற்க வேண்டாம் என்று, வண்டியைத் தென்சென்னையில் ஒரு பெரிய கடையில் விட்டேன். கண்ணாடிக் கதவு, ஏசி, சுவர் முழுக்கக் கார்பன் ஃபிரேம்கள், ஓரத்தில் காபி மெஷின். ரொம்ப மரியாதையான இடம்.

கவுண்டரில் இருந்தவர் செயினில் அளவுகோலை வைத்துப் பார்த்து, "செயினும் கேசட்டும் முடிஞ்சுபோச்சு சார், ரெண்டும் மாத்தணும்" என்றார். கேசட் என்பது பின்சக்கரத்தில் இருக்கும் பல்சக்கர அடுக்கு. இதில் வேடிக்கை என்னவென்றால், அவர் சொன்னது உண்மை. இரண்டுமே தேய்ந்துதான் இருந்தன. ஆகவே சந்தேகப்பட இடமே இல்லை. சரி, மாற்றுங்கள் என்றேன்.

இரண்டு நாள் கழித்து வண்டி வந்தது. செயின் 1,350, கேசட் 1,900, பிபி ஓவராயில் (மிதி அச்சைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டுவது) 450, கேபிள்கள் 600, கூலி 1,200. மொத்தம் 5,500 ரூபாய். யுபிஐயில் கட்டினேன். செயின் வெள்ளி மாதிரி மின்னியது. கடை வாசலிலேயே ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தேன், கியர் 'டக் டக்' என்று விழுந்தது. பணம் போனாலும் வேலை சுத்தம் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

அடுத்து வந்த ரைடுகளிலும் ஒரு குறையும் தெரியவில்லை. பிறகு ஒருநாள் மழையில் நனைந்து வந்ததால், சக்கரத்தைக் கழற்றி வைத்துவிட்டுச் செயினை ஒவ்வொரு கண்ணியாகத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். துணிக்குள்ளிருந்து தங்க நிறத்தில் ஒரு குவிக் லிங்க், அதாவது செயினின் இரண்டு முனைகளையும் இணைக்கும் கண்ணி, வெளியே வந்தது.

அந்த லிங்க்கை எனக்கு நன்றாகத் தெரியும். போன மழைக்காலத்தில் முட்டுக்காடு பாலத்துக்குப் பக்கத்தில் என் செயின் அறுந்தபோது, கூட வந்த ஒருவர் தன் சீட்டுக்கு அடியில் இருந்த பையிலிருந்து எடுத்துக் கொடுத்தது. வேறு கம்பெனி லிங்க். ஓரங்களில் தங்க முலாம் தேய்ந்து உள்ளே இருந்த வெள்ளை தெரியும். அதே லிங்க், அதே தேய்மானம், 1,350 ரூபாய் கொடுத்து வாங்கிய 'புதுச்' செயினில் உட்கார்ந்திருந்தது.

உடனே கேசட்டைப் பார்த்தேன். மேற்புறம் பளபளப்பு. டார்ச் அடித்து உள்ளே பார்த்தால், நான்காவது ஐந்தாவது பல்சக்கரங்களுக்கு நடுவில், கறுத்துப்போன கிரீசுக்குள் பச்சை நைலான் நூல் ஒன்று சுற்றிக் கிடந்தது. கோவளத்தில் மீனவர்கள் வலை காயப்போடும் பக்கம் போய்த் திரும்பிய அன்று சிக்கியது, பாதியைத்தான் இழுத்து எடுக்க முடிந்தது. மீதிப் பாதி இன்னும் அங்கேயே இருக்கிறது. புதுக் கேசட்டோடு வலை நூலும் இலவசமாகத் தருகிறார்கள் போல.

எங்கள் ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் ஐசிஎஃப்பில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற அண்ணன் ஒருவர் உண்டு. சாயங்காலமே வண்டியை அவரிடம் தள்ளிக்கொண்டு போனேன். அவர் தேய்மானம் பார்க்கும் செயின் செக்கரை எல்லாம் தேடவில்லை. ஸ்டீல் ஸ்கேலை எடுத்தார். சைக்கிள் செயினில் ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் அரை அங்குலம். ஒரு பின்னின் நடுவில் பூஜ்ஜியத்தை வைத்தால், அதை விட்டுவிட்டு அடுத்ததிலிருந்து எண்ணி வரும் இருபத்து நான்காவது பின்னின் நடு சரியாக 12 அங்குலத்தில் நிற்க வேண்டும். புதுச் செயினாக இருந்தால் கோடு பிசகாது. அரை சதவீதம் தேய்ந்திருந்தால் 12-ஐத் தாண்டி ஒரு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு போயிருக்கும். என் செயினில் பின் அதையும் கடந்து எட்டில் ஒரு பங்கை நெருங்கி நின்றது. "தம்பி, இது மண்ணெண்ணெய்ல குளிச்சிட்டு வந்த பழைய செயின்யா" என்றார். பிறகு வெளிப்பக்கத் தகட்டைத் திருப்பி வெளிச்சத்தில் காட்டினார். பொடி எழுத்தில் எச்ஜி 40 என்று பொறித்திருந்தது. வண்டியோடு வந்த செயின் அது. பில்லில் போட்டிருந்ததோ எச்ஜி 71. இரண்டும் எட்டு ஸ்பீடுக்கானதுதான், எச்ஜி 71 ஒரு படி மேல், விலையும் மேல்.

அப்படியென்றால் ஓட்டும்போது ஏன் தெரியவில்லை? இங்கேதான் சூட்சுமம். தேய்ந்த செயினும் தேய்ந்த கேசட்டும் ஒன்றாகவே தேய்ந்தவை, ஒன்றோடொன்று ஒத்துப்போய்விடும். தேய்ந்த கேசட்டில் புதுச் செயினை மட்டும் போட்டிருந்தால், ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிக்கும்போது பல் வழுக்கி முதல் நாளே காட்டிக்கொடுத்திருக்கும். இரண்டையும் மாற்றினால் வழுக்காது. இரண்டையும் மாற்றாவிட்டாலும் வழுக்காது! கியர் 'டக் டக்' என்று விழுந்ததற்குக் காரணம் புது கியர் கேபிள். அதை மட்டும் உண்மையாகவே மாற்றியிருக்கிறார்கள். பட்டியலில் இருந்த சாமான்களில் விலை குறைந்தது அது, ஆனால் ஓட்டுகிறவன் கைக்கு உடனே தெரிகிற மாற்றமும் அதுதான். கழுவின செயின், புதுக் கேபிள், இரண்டு சொட்டு நல்ல எண்ணெய். யாராக இருந்தாலும் ஏமாந்துபோவார்கள்.

ஆளை ஏமாற்றுவதில் இது கெட்டிக்கார வேலை என்றால், பிபி ஓவராயில் முட்டாள்தனமான வேலை. பெடல் மாட்டியிருக்கும் கிராங்கின் அச்சு சுழலும் இடம்தான் பிபி. பழைய வண்டிகளில் அதற்குள் தனித்தனியாக பால்ஸ் இருக்கும். கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, கிரீஸ் வைத்து மாட்டுவார்கள். என் வண்டியில் இருப்பது மூடிய கார்ட்ரிட்ஜ். உள்ளே திறந்து கிரீஸ் வைக்க வழியே கிடையாது. போனால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது மாட்ட வேண்டும், அவ்வளவுதான். கழற்றிச் சுத்தம் செய்து மாட்டினோம் என்றாவது சொல்லலாம். அதற்கும் முதலில் கிராங்கைக் கழற்றியாக வேண்டும். கிராங்க் போல்ட்டின் தலையில் துருவும் காய்ந்த மண்ணும் சேர்ந்து படிந்திருந்த படலம் ஒரு கீறல்கூட இல்லாமல் அப்படியே இருந்தது. எந்த டூலும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அதற்கு 450 ரூபாய்.

கடைக்குப் போனேன். சத்தம் போடவில்லை, லிங்க்கை மட்டும் காட்டினேன். ஓனருக்கு ஒரு நொடிகூடத் தயக்கம் இல்லை.

"அந்த லிங்க் நல்லா இருந்துச்சு சார், வேஸ்ட் பண்ண வேணாம்னு புதுச் செயின்ல அதையே போட்டிருப்பாங்க."

நல்ல பதில்தான். எச்ஜி 40 என்று தகட்டில் இருப்பதைக் காட்டினேன்.

"டிஸ்ட்ரிபியூட்டர் பாக்ஸ் மாத்தி அனுப்பிட்டான் போல."

ஸ்கேலை வைத்துக் காட்டினேன்.

"நீங்க ரொம்ப ஹெவி கியர்ல மிதிக்கிறீங்க சார், அதான் சீக்கிரம் இழுத்துக்கிச்சு."

சாதாரணமாக ஓட்டினால் ஒரு செயின் இரண்டாயிரம் மூவாயிரம் கிலோமீட்டராவது தாங்கும். நாலைந்து ரைடில் அதை இப்படி இழுத்துவிட என் தொடைகளால் முடியும் என்று ஒருவர் சொன்னது, உண்மையாகச் சொன்னால், கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது. பச்சை நூலைக் காட்டியபோது மட்டும் அவரிடம் பதில் இல்லை. "மெக்கானிக் பையன் ஊருக்குப் போயிருக்கான், வந்ததும் கேட்டுச் சொல்றேன்" என்றார். கழற்றிய பழைய சாமான்கள் எங்கே என்றேன். ஸ்கிராப்பில் போய்விட்டதாம்.

பழியைத் தூக்கிப் பையன் தலையில் போட்டதுதான் எனக்கு எரிச்சல். பில் போடுவது அவன் இல்லை.

பில் என்றுதான் நானும் இவ்வளவு நேரம் சொல்லிக்கொண்டிருக்கிறேன், கடை கொடுத்தது பில்லே இல்லை. மேலே 'எஸ்டிமேட்' என்று அச்சடித்த தாள். ஜிஎஸ்டி எண் இல்லை. சர்வீஸ் விட்ட அன்றே கேட்டபோது, "ஜிஎஸ்டி பில்னா 18 பர்சென்ட் ஏறும் சார், உங்களுக்குத்தான் நஷ்டம்" என்றார்கள். இதுவும் முழு உண்மை இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கும் சைக்கிள் உதிரிபாகங்களுக்கும் ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். அதற்கு முன்பும் 12 தான். விற்ற பொருளுக்கும் செய்த வேலைக்கும் பில் தராமல் இருப்பதையே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிக நடைமுறைகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. இது தெரிந்ததும் எனக்குத் தெம்பு வந்தது. எஸ்டிமேட் தாள், யுபிஐ ரசீது, லிங்க், ஸ்கேல், நூல், போல்ட் எல்லாவற்றையும் படம் எடுத்து வைத்துக்கொண்டு 1915-க்குப் போன் செய்தேன். தேசிய நுகர்வோர் உதவி எண் அது, தமிழிலேயே பேசலாம். அவர்கள் தீர்ப்பு எதுவும் சொல்வதில்லை. புகாரைப் பதிந்து எதிர்த்தரப்புக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள். அதிலும் நடக்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும், ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை. செயினுக்காகக் கோர்ட்டா என்று வீட்டில் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

எங்கள் தெரு முனையில் மரத்தடியில் ஒரு பெரியவர் பஞ்சர் ஒட்டுகிறார். கியர் வண்டி என்றால் "அது நமக்கு ஆகாது" என்று தொடவே மாட்டார். ஆனால் சாதா சைக்கிளில் பால்ஸ் மாற்றினால், தேய்ந்த பால்ஸை ஒரு காகிதத்தில் மடித்து நம் கையில் கொடுத்துவிட்டுத்தான் காசு வாங்குவார். ஏசி கடையில் இதை நாம்தான் வாய்விட்டுக் கேட்க வேண்டியிருக்கிறது. வண்டியை விடும்போதே, "கழற்றுகிற பழைய சாமான் எல்லாம் எனக்கு வேண்டும், புது சாமானின் பெட்டியும் வேண்டும்" என்று சொல்லிவிடுங்கள், முடிந்தால் ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். முகம் மாறினால் வண்டியை அங்கேயே திருப்பிக்கொண்டு வந்துவிடலாம். விடுவதற்கு முன் நகப்பூச்சில் செயினின் ஒரு கண்ணியிலும் கேசட்டின் உள்பக்கத்திலும் பொட்டு மாதிரி ஒரு புள்ளி வைப்பது இன்னும் நல்லது. மண்ணெண்ணெயில் அது லேசில் போகாது. ஃபிரேமுக்கு அடியில், பிபிக்குக் கீழே இருக்கும் நம்பரையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். விலை உயர்ந்த சக்கரம், டீரெய்லர் (செயினைப் பல்சக்கரம் மாற்றித் தள்ளும் சாமான்) இருக்கிறவர்கள் அவற்றின் எண்ணையும் சேர்த்து எடுக்க வேண்டும். என்னிடம் இருந்தது எடுக்கிற மாதிரி சாமான் இல்லை, அதனால் அது தப்பித்தது. ஒரு அடி ஸ்கேல் எல்லார் வீட்டிலும் இருக்கும். வண்டி வந்த அன்றே பன்னிரண்டு அங்குலக் கணக்கைப் பார்த்துவிடுங்கள்.

நேர்மையான கடைகள் இல்லாமல் இல்லை. புதுச் செயினையும் கேசட்டையும் அப்புறம் வேறு ஒரு சின்னக் கடையில்தான் போட்டேன். அங்கிருந்த தம்பி நான் கேட்பதற்கு முன்பே பழையதை ஒரு கவரில் போட்டு ஹேண்டில்பாரில் மாட்டிவிட்டான்.

1915-இல் புகார் போன பிறகு பழைய கடையின் ஓனரே போன் செய்தார். குரலில் முன்பைவிட மரியாதை கூடியிருந்தது. "ஒரு ஃபுல் சர்வீஸ் ஃப்ரீயா பண்ணித் தர்றோம் சார், கம்ப்ளெய்ண்டை மட்டும் வாபஸ் வாங்கிடுங்க" என்றார். உங்கள் ஃபுல் சர்வீஸே வேண்டாம் என்றுதான் புகார் கொடுத்திருக்கிறேன் என்றேன். இரண்டு நாள் கழித்து யுபிஐயில் 3,250 ரூபாய் வந்தது. செயினுக்கும் கேசட்டுக்கும் உரிய பணம், குறிப்பு எதுவும் இல்லாமல். பிபி ஓவராயிலுக்கு வாங்கிய 450 இன்னும் வரவில்லை. புகாரை நான் இன்னும் மூடவில்லை.