கியூட்டிப் 5: மூன்று நிலைத் துகள்களுக்கு ஈடு கொடுக்குமா?

இரண்டு நிலை கொண்ட குவாண்டம் துகளான கியூபிட்டைத் தாண்டினாலே பல குவாண்டம் மென்பொருள்கள் கையை விரித்துவிடுகின்றன. பைத்தான் நிரல்மொழியில் ஓடும் இலவச நிரல் நூலகமான கியூட்டிப் அப்படியில்லை. துகளுக்கு 3 நிலை, 5 நிலை, ஒன்றுக்கு 2 இன்னொன்றுக்கு 7 என்று எப்படிக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும். சிறிய அமைப்புகளுக்கு இதுவே தாராளம். ஆனால் பல துகள்களின் குவாண்டம் பின்னலை (என்டேங்கிள்மென்ட்) அளக்க அது தரும் ஒற்றை எண்ணான நெகட்டிவிட்டியை மட்டும் நம்பி முடிவு எழுதிவிடாதீர்கள்.

முதலில் மூன்று கியூட்ரிட்டுகளின் (மூன்று நிலைத் துகள்கள்) ஜிஹெச்இஸட் நிலை, அதாவது மூன்றும் ஒன்றாகப் பின்னிய நிலை: (|000⟩+|111⟩+|222⟩)/√3. இதற்கென்று நூலகத்தில் இருக்கும் ஆயத்தச் செயற்கூறு கியூபிட்டுக்கு மட்டும்தான். ஆகவே 3 பரிமாண அடிப்படை வெக்டர்களை டென்சர் பெருக்கலில் சேர்த்து, மூன்று உறுப்புகளையும் கூட்டி, நீளத்தை 1 ஆக்க வேண்டும். நான்கு வரி வேலை. பைத்தானின் எண்கணக்கு நூலகமான நம்பையில் 27 எண்கள் கொண்ட வரிசையைத் தயாரித்து அப்படியே உள்ளே கொடுப்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். பரிமாணப் பட்டியல் [3,3,3] என்று சொல்லாவிட்டால், கியூட்டிப் அதை 27 நிலை கொண்ட ஒரே துகளாக எடுத்துக்கொள்ளும். பிறகு எந்தத் துகளைப் பிரித்துப் பார்ப்பது?

சரிபார்க்க: ஒரு துகளின் என்ட்ரோபி (மற்றவற்றோடு அது எவ்வளவு பின்னியிருக்கிறது என்பதன் அளவு) 1.0986 வர வேண்டும். 1.585-ஐ எதிர்பார்த்துக் குழம்ப வேண்டாம். இயல்பாக அது இயற்கை மடக்கையில் கணக்கிடுகிறது, அடிமானம் 2 என்று தனியாகச் சொல்ல வேண்டும். கன்கரன்ஸ் என்ற இன்னொரு பின்னல் அளவு இரண்டு கியூபிட்டுகளுக்கு மட்டுமே, இங்கே உதவாது. நெகட்டிவிட்டி என்பது அடர்த்தி அணியில் (இரைச்சல் கலந்த நிலையையும் எழுதக்கூடிய அணி) ஒரு துகளின் பகுதியை மட்டும் இடமாற்றும்போது வரும் எதிர்மறை ஐகன் மதிப்புகளை அளப்பது. அதற்கு நிலை வெக்டரை அடர்த்தி அணியாக மாற்றிக் கொடுங்கள், விடை 1. அதில் இரண்டு கணக்கு வழிகள் இருக்கின்றன. இயல்பாக வருவது அணியை வர்க்கப்படுத்தி மூலம் எடுப்பதால் சிறிய மதிப்புகள் பிழையில் கரைந்துவிடும். ஐகன் மதிப்பு வழியைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

இனி (|000⟩+|111⟩+|221⟩)/√3. வியன்னாக் குழு 2016-இல் ஃபோட்டான்களில் உருவாக்கிக் காட்டிய (3,3,2) வகை இது: முதல் இரண்டு துகள்கள் மூன்று பரிமாணத்திலும் மூன்றாவது இரண்டு பரிமாணத்திலும் பின்னியவை. முதல் இரண்டு துகள்களுக்கும் நெகட்டிவிட்டி 1, மூன்றாவதற்கு 0.471. மூன்றாவதைத் தூக்கி எறிந்தாலும் மீதி இரண்டுக்கும் இடையே 1/3 மிஞ்சுகிறது. ஜிஹெச்இஸட்டில் அதே இடத்தில் பூஜ்யம். இரண்டு நிலைகளின் வேறுபாட்டை இவ்வளவு சுலபமாகக் கண்முன் வைப்பதற்காகவே இதை நிறுவலாம்.

சிக்கல் இரைச்சலைச் சேர்த்ததும் தொடங்குகிறது. ஜிஹெச்இஸட் பங்கு p, மீதி வெள்ளை இரைச்சல் (எல்லா நிலைகளும் சமமாகக் கலந்தது) என்று வையுங்கள். p 0.1-ஐத் தாண்டியதுமே எந்தத் துகளைத் தனியே பிரித்தாலும் நெகட்டிவிட்டி பூஜ்யத்துக்கு மேல் வரும். அதைப் பார்த்து ‘மூன்றும் ஒன்றாகப் பின்னியிருக்கின்றன’ என்று சொல்வது அவசரம். வெவ்வேறு ஜோடிகள் மட்டும் பின்னிய நிலைகளின் கலவையும் இதே எண்ணைக் காட்டலாம். ஜிஹெச்இஸட்டுடனான ஃபிடெலிட்டி (அதை எவ்வளவு ஒத்திருக்கிறது என்பதன் அளவு) 1/3-ஐத் தாண்டினால் மூன்றும் சேர்ந்த பின்னல் உறுதி. அதற்கு p 0.308 வேண்டும். பின்னல் உண்மையிலேயே மூன்று பரிமாணம்தான் என்று காட்ட 2/3, அதாவது p ஏறக்குறைய 0.654. இந்த வரம்புகளைச் சோதிக்கும் ஆயத்தச் செயற்கூறு கிடையாது, நாமே எழுத வேண்டும். எழுதுவது பெரிய காரியமில்லை, ஆனால் வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். நெகட்டிவிட்டி பூஜ்யமானால் பின்னல் இல்லை என்பதும் 2×2, 2×3 அமைப்புகளைத் தாண்டி உத்தரவாதமில்லை. 3×3-இலேயே அதன் கண்ணில் படாத பின்னல் உண்டு.

நான்கு துகள்களை 2|2 என்று பிரிக்க நெகட்டிவிட்டிச் செயற்கூறு ஒத்துவராது, அது ஒரு துகளைத்தான் ஏற்கும். பகுதி இடமாற்றுச் செயற்கூறுக்கு [1,1,0,0] என்று முகமூடி கொடுத்து, எதிர்மறை ஐகன் மதிப்புகளைக் கூட்டிக் குறியை மாற்றுங்கள்.

மெமரிதான் கடைசிச் சுவர். 8 கியூட்ரிட்டுகளின் அடர்த்தி அணி ஏறக்குறைய 690 எம்பி, 10 என்றால் 56 ஜிபி. நிலை தூயதாக (இரைச்சல் கலக்காததாக) இருந்தால் அணியை உருவாக்கவே வேண்டாம். 10 கியூட்ரிட்டுகளின் வெக்டரில் 59,049 எண்கள்தான், ஒரு எம்பிகூட ஆகாது. அதை 243×243 அணியாக மடித்து நம்பையில் எஸ்விடி (ஒற்றை மதிப்புகளைப் பிரித்தெடுக்கும் கணக்கு) போட்டால் 5|5 பிரிவின் பின்னலைக் காட்டும் ஷ்மிட் கெழுக்கள் கைக்கு வந்துவிடும். 10 துகள்களை இரண்டு குழுக்களாகப் பிரிக்க மொத்தம் 511 வழிகள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் துகள்களின் வரிசையை மாற்றியபின் மடிக்க வேண்டும். கலப்பு நிலைக்கு இந்தக் குறுக்குவழி கிடையாது.