ரிச்சி தெருவில் வாங்கிய ஆறு சென்சார்: போர்டில் மாட்டுவதற்கு முன் இதைச் செய்துவிடுங்கள்

அம்மாவுக்கு எழுபத்து நான்கு வயது. எங்களுடையது விழுப்புரம் பக்கத்தில் பழைய ஓட்டு வீடு, கழிவறை பின்கட்டில் இருக்கிறது. இரவில் இரண்டு மூன்று தடவை எழுந்து போவார். நடையின் சுவிட்ச் அந்தக் கோடியில் இருப்பதால் சுவரைத் தடவிக்கொண்டேதான் போக வேண்டும். அதைப் பார்த்துவிட்டுத்தான், ஆள் வந்தால் தானாக எரிகிற விளக்கு ஒன்று செய்துவிடலாம் என்று இறங்கினேன். நாமே நிரல் எழுதி ஓட்டுகிற ஆர்டுயினோ யூனோ என்ற சின்ன மின்னணுப் போர்டு ஒன்று கையில் இருந்தது. போர்டு சொன்னால் விளக்கைப் போட்டு அணைக்கிற மின்சுவிட்சான ரிலேவும் 12 வோல்ட் எல்இடி பட்டையும் இருந்தன. உடம்புச் சூட்டை வைத்து ஆள் நடமாட்டத்தை அறிகிற பி.ஐ.ஆர். சென்சார் மட்டும் வாங்க வேண்டியிருந்தது.

சென்னைக்கு ஒரு வேலையாகப் போனபோது எழும்பூரில் இறங்கி, எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்கு நடந்தேன். பதினைந்து வருடமாகப் போய் வருகிற தெரு அது. நல்ல கடைகள் அங்கே நிறைய இருக்கின்றன, இன்றைக்கும் அங்கேதான் வாங்குகிறேன். அன்று நேரம் இல்லாததால் வழக்கமான கடைக்குப் போகாமல் வேறொரு கடையில் கேட்டேன். எச்.சி.எஸ்.ஆர்.501 என்ற வகை பி.ஐ.ஆர். சென்சார் ஒன்று 90 ரூபாய் என்றார்கள். நடை, மாடிப்படி, கொல்லை என்று எல்லாவற்றுக்கும் ஆகட்டுமே என்று ஆறு வாங்கினேன். "பில் போட்டா ஜிஎஸ்டி சேரும் சார்" என்று சொல்லி, ஒரு துண்டுச் சீட்டில் 540 என்று மட்டும் எழுதிக் கொடுத்தார் கடைக்காரத் தம்பி. போனில் பணம் அனுப்பிவிட்டு வாங்கிக்கொண்டேன். எப்படி இணைப்பது என்று ஒரு ஜெராக்ஸ் தாளும் உள்ளே வைத்திருந்தார்கள்.

அந்தத் தாளே தப்பு. சென்சாருக்கு மின்சாரம் கொடுக்கும் விசிசி முனையை யூனோவின் 3.3 வோல்ட் பின்னில் கொடுக்கச் சொல்லி வரைந்திருந்தது. இந்த சென்சாருக்குள்ளேயே 3.3 வோல்டுக்கு இறக்குகிற ரெகுலேட்டர் இருக்கிறது, அதற்கு முன்னால், மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடுகிற டையோடு ஒன்றும் இருக்கிறது. 3.3 வோல்டைக் கொடுத்தால் டையோடிலேயே அரை வோல்டுக்கு மேல் போய்விடும். உள்ளே இருக்கும் பி.ஐ.எஸ்.எஸ்.0001 சிப்புக்குக் குறைந்தது 3 வோல்ட் வேண்டும். பட்டினி கிடக்கிற சிப், ஆளில்லாமலே ஆள் வந்ததாகத் தன்பாட்டுக்கு அடிக்கத்தான் செய்யும். விசிசிக்கு 5 வோல்ட்தான் கொடுக்க வேண்டும். ஆள் வந்ததைச் சொல்லும் அவுட் முனையில் வருவதுதான் 3.3 வோல்ட். இந்த இரண்டையும் போட்டுக் குழப்பி யாரோ வரைந்திருக்கிறார்கள்.

முதல் ராத்திரி நடையில் ஆளே இல்லாமல் விளக்கு எரிந்து எரிந்து அணைந்தது. கடைக்கு வாட்ஸாப்பில் எழுதினேன். "ஆன் பண்ணி ஒரு நிமிஷம் விடணும் சார், சூடாகணும்" என்று பதில் வந்தது. உண்மைதான். இந்த சென்சார் மின்சாரம் கிடைத்ததும் ஏறக்குறைய ஒரு நிமிடம் சுற்றுப்புறத்துக்குப் பழகும், அதற்குள் ஓரிரு முறை தானாக அடிக்கும். ஒரு நிமிடம் விட்டுப் பார்த்தேன். மாற்றமில்லை. 3.3 வோல்ட் விஷயத்தை நானே கண்டுபிடித்து 5 வோல்டுக்கு மாற்றியதும் எழுதினேன். "3.3ல யார் சார் போடச் சொன்னது?" என்றார். அவர் கொடுத்த தாளையே படம் எடுத்து அனுப்பினேன். அதற்குப் பதிலே இல்லை.

5 வோல்டிலும் அதே கதைதான். இப்போது "ரிலே இழுக்கும்போது சப்ளை இறங்கும், கெப்பாசிட்டர் போடுங்க" என்றார். இதுவும் உண்மையிலேயே நடக்கிற விஷயம். ஒரே 5 வோல்டில் ரிலேயும் சென்சாரும் இருந்தால், ரிலே இழுக்கிற அந்த நொடியில் சப்ளை தள்ளாடி சென்சார் மறுபடி அடிக்கும். அந்தத் தள்ளாட்டத்தைத் தாங்க 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று போட்டேன், ரிலேவுக்குத் தனி அடாப்டரும் கொடுத்தேன். அப்புறமும் அடித்தது. மே மாதம் என்பதால் அவர் சொன்ன அடுத்த காரணம் வெயில். இந்த சென்சார் நம் உடம்பின் சூட்டுக்கும் பின்னால் இருக்கும் சுவரின் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் பார்க்கிறது. அக்னி நட்சத்திரத்தில் ஓட்டு வீட்டுச் சுவர் நடுராத்திரியிலும் கொதிக்கும், வித்தியாசம் குறையும். இதுவும் பொய் இல்லை. ஆனால் வித்தியாசம் குறைந்தால் ஆளைப் பார்க்காமல்தான் விடும், அதனால் ஆளில்லாமல் அடிக்காது. அந்த இடத்தில் எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அவர் சொன்ன ஒவ்வொரு காரணமும் இந்த சென்சாருக்கு உள்ளபடியே உண்டு. அதனால்தான் நம்பினேன். நம்மிடம்தான் ஏதோ தப்பு என்று பத்து நாள் வயரை மாற்றினேன், நிரலை மாற்றினேன், நிரலில் சேர்க்கிற ஆயத்த லைப்ரரிகளை மாற்றினேன். சென்சாரைச் சந்தேகப்படவே இல்லை. கடைசியாக "சென்சிட்டிவிட்டிய கொறைச்சு வைங்க சார், சரியாயிடும்" என்றார். சென்சாரில் ஆரஞ்சு நிறத்தில் இரண்டு திருகு இருக்குமே, ஒன்று எவ்வளவு தூரம் பார்க்க வேண்டும் என்பதற்கு, இன்னொன்று எவ்வளவு நேரம் எரிய வேண்டும் என்பதற்கு. அதில் தூரத்துக்கான திருகைக் குறைத்தேன். தானாக அடிப்பது குறைந்தது. சரியாகிவிட்டது என்று நிம்மதியாகத் தூங்கப் போனேன்.

அன்று ராத்திரி விளக்கு எரியவில்லை. அம்மா நிலைப்படி தடுக்கி விழுந்துவிட்டார். மணிக்கட்டில் வீக்கம். எக்ஸ்ரேயில் எலும்புக்கு ஒன்றும் இல்லை என்று சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. "லைட்டு எரியும்னு நெனச்சுதான்பா கால வெச்சேன்" என்றார் அம்மா. விளக்கு இல்லாத காலத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டாவது நடந்தார். நான் செய்து கொடுத்ததை நம்பிச் சுவரை விட்டுவிட்டார்.

மறுநாள் போர்டு, ரிலே, நிரல் எல்லாவற்றையும் ஒதுக்கி வைத்துவிட்டு சென்சாரை மட்டும் சோதித்தேன். முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை. பழைய செல்போன் சார்ஜரிலிருந்து 5 வோல்ட். சென்சாரின் மேலிருக்கும் வெள்ளைக் குமிழை மெல்லக் கழற்றினால் உள்ளே விசிசி, அவுட், கிரவுண்ட் என்று அச்சிட்டிருக்கும். அதைப் பார்த்துத்தான் வயர் கொடுக்க வேண்டும். எல்லாத் தயாரிப்பிலும் முனைகள் ஒரே வரிசையில் வருவதில்லை, இணையத்தில் கிடைக்கும் படத்தை நம்பிக் கொடுக்காதீர்கள். உள்ளே இருக்கும் உலோக மூடியின் கறுப்புச் சன்னலில் விரல் படக் கூடாது. குமிழைத் திரும்ப மாட்டி, நேரத்துக்கான திருகை முழுக்க இடது பக்கம் திருப்பிவிட்டு, அவுட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் மல்டிமீட்டரை வைத்தேன். ஒரு நிமிடம் விட்டேன். கையை குறுக்கே வீசினால் 3.3 வோல்ட் வர வேண்டும், அசையாமல் இருந்தால் சில நொடியில் பூஜ்யத்துக்கு இறங்க வேண்டும். அவ்வளவுதான் சோதனை. நேராக சென்சாரை நோக்கி வருவதைவிடக் குறுக்கே போவதைத்தான் அது நன்றாகப் பார்க்கும், அதனால் கையைக் குறுக்கே வீசுங்கள்.

ஆறில் ஒன்றுதான் ஒழுங்காக வேலை செய்தது. ஒன்று உயிரே இல்லை. ஒன்று 3.3 வோல்டிலேயே நின்றது, இறங்கவே இல்லை. இரண்டு, மீட்டரைச் சுவரோரம் வைத்துவிட்டு நான் அடுத்த அறையிலிருந்து கதவிடுக்கில் பார்த்தபோதும் தானாக ஏறி ஏறி இறங்கின. நடையில் மாட்டியிருந்தது அதில் ஒன்று. ஆறாவது 2.2 வோல்டுக்கு மேல் போகவில்லை. யூனோ 3 வோல்டுக்கு மேல் வந்தால்தான் அதை ஹை, அதாவது ஆள் வந்த குறி என்று உறுதியாக எடுத்துக்கொள்ளும். அதைக் கொடுத்தால் சில நேரம் தெரியும், சில நேரம் தெரியாது. நிரலை எத்தனை தடவை மாற்றினாலும் அது திருந்தாது.

சந்தேகம் வந்து பூதக்கண்ணாடியில் பார்த்தேன். மூன்று சென்சாரின் முனைகளில் பற்றவைக்கிற ஈயம் இரண்டாம் தடவை ஓடியிருந்தது, பற்றவைக்கும்போது தடவுகிற ஃபிளக்ஸ் சுற்றிலும் பழுப்பாகப் படிந்திருந்தது. ஒன்றின் குமிழ் லேசாக மஞ்சளித்திருந்தது. அதைக் கழற்றியதும் உள்ளே காய்ந்த எறும்பு ஒன்றும் நூல்போல ஒட்டடையும் இருந்தன. ஒட்டிய கவரில் வந்த "புது" சென்சாருக்குள் ஒட்டடை எப்படி வரும்? எங்கோ சுவரில் வருடக்கணக்கில் மாட்டியிருந்ததைக் கழற்றித் துடைத்துக் கவரில் போட்டு விற்றிருக்கிறார்கள்.

மீட்டரையும் சார்ஜரையும் பையில் வைத்துக்கொண்டு கடைக்கே போனேன். அங்கேயே சோதித்துக் காட்டுகிறேன் என்றேன். பார்க்க மறுத்துவிட்டார்கள். "நீங்க வயர மாத்திக் குடுத்துச் சுட்டுட்டு வந்து கேக்கறீங்க. சென்சாருக்கு வாரன்ட்டி கெடையாது" என்றார் முதலாளி. ஐந்தை ஒரே மாதிரி சுட்டிருந்தால் ஐந்தும் ஒரே மாதிரி செத்திருக்குமே என்று கேட்டேன். பில் எங்கே என்று திருப்பிக் கேட்டார்.

இது எனக்கு அப்போது தெரியாது, உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும். 2019ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் கொடுக்காமல் இருப்பதே முறையற்ற வணிகம். பழுதான பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணம் தர மறுப்பதும் அப்படியே. பில்லில் கெடு எதுவும் குறிக்காவிட்டால் முப்பது நாள் கணக்கு. போனில் பணம் அனுப்பிய பதிவும், வாட்ஸாப்பில் அவர் சொன்ன பதில்களும் என்னிடம் அப்படியே இருந்தன. 1915 என்ற உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். வேலை செய்யாத ஐந்துக்கான 450 ரூபாய்க்காக இவ்வளவா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். கல்லூரிப் பிள்ளைகள் புராஜெக்டுக்கு இதையேதான் வாங்கிப் போகிறார்கள். வேலை செய்யாவிட்டால் தங்களுக்குத்தான் எலெக்ட்ரானிக்ஸ் வரவில்லை என்று முடிவு கட்டிவிடுவார்கள். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

கடையில் வாங்குகிறவர்கள் அங்கேயே 5 வோல்ட் கேட்டு ஒவ்வொன்றையும் பார்த்து வாங்குங்கள். என் வழக்கமான கடையில் இதற்கென்றே மேசையில் சப்ளை வைத்திருக்கிறார்கள், கேட்டால் முகம் சுளிப்பதில்லை. ஆன்லைனில் வாங்கினால் கவரைப் பிரிப்பதிலிருந்து மீட்டர் காட்டுவது வரை வீடியோ எடுத்து, திருப்பி அனுப்பும் கெடுவுக்குள் எல்லாவற்றையும் சோதித்துவிடுங்கள். வைஃபை உள்ள போர்டில் கொடுக்கிறவர்கள் சென்சாரை ஆன்டெனாவிலிருந்து ஒரு முழமாவது தள்ளி வையுங்கள். அந்த அலையால் நல்ல சென்சாரும் தானாக அடிக்கும். ஆனால் அதெல்லாம் சென்சார் தனியாக இந்தச் சோதனையில் தேறிய பிறகு யோசிக்க வேண்டியது.

தேறிய அந்த ஒன்றை நடையில் மாட்டியிருக்கிறேன். விளக்கு அணையும் நேரத்தை ஒரு நிமிடத்துக்கு வைத்து, சென்சாரில் இருக்கும் ஜம்பர் என்ற சின்ன இணைப்பு மூடியை எச் பக்கம் போட்டிருக்கிறேன், ஆள் நடமாடும்வரை அணையாது. மூன்று வாரமாக ஒரு ராத்திரியும் தவறவில்லை. நிலைப்படியோரம் ஒரு கைப்பிடியும் அடித்துவிட்டேன். அம்மா இப்போதெல்லாம் அதைப் பிடித்துக்கொண்டு சற்று நின்று, விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் காலை எடுத்து வைக்கிறார்.