முதல் பார்வையா, கடைசிப் பார்வையா?

மனசுக்குப் பிடித்ததைக் கண் காட்டிக்கொடுத்துவிடும் என்கிறோம். சரி, கண்ணில் எதை அளப்பது? முதலில் எதன்மேல் விழுந்தது, மொத்தம் எவ்வளவு நேரம் நின்றது, முடிவெடுக்கும் தறுவாயில் எங்கே இருந்தது, கண்ணின் பாவை (நடுவில் உள்ள கருவட்டம்) எவ்வளவு விரிந்தது என்று நாலு அளவுகள் போட்டியில் இருக்கின்றன.

பாவையை முதலிலேயே தள்ளிவிடலாம். மனதைக் கவரும் படத்தைப் பார்த்தால் அது விரிகிறது என்று உளவியலாளர்கள் ஹெஸ், போல்ட் இருவரும் 1960-ல் எழுதினார்கள். ஆனால் வெளிச்சம் குறைந்தாலும் விரியும், மனக்கணக்குப் போட்டாலும் விரியும்.

முதல் பார்வையும் ஏறக்குறைய இதே கதைதான். பளிச்சென்ற நிறத்துக்கும் நடுவில் இருக்கும் பொருளுக்கும் கண் தானாகப் போய்விடும். பாக்கெட் வடிவமைப்பவருக்கு அது உதவும், வாங்குபவரின் ருசியைச் சொல்லாது.

பேசத் தெரியாத குழந்தைகளிடம் மொத்த நேரத்தை விட்டால் வேறு வழியில்லை. உளவியலாளர் ராபர்ட் ஃபான்ட்ஸ் குழந்தைக்கு மேலே இரண்டு படங்களை வைத்து, எந்தப் படம் அதன் விழியில் தெரிகிறது என்று துளை வழியே பார்த்து நேரம் குறித்தார். வெறும் நிறத்தைவிடக் கோடும் கட்டமும் போட்டவற்றையே பிஞ்சுகள் அதிகம் பார்த்தன. பெரியவர்களிடம் இது சறுக்கும். போன வாரம் ஓட்டலில் என் கண் நெடுநேரம் நின்றது நெய் ரோஸ்ட்டின் விலைமேல். சாப்பிட்டது இட்லி.

என் ஓட்டு கடைசிப் பார்வைக்கு. அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் ஷிமோஜோ என்ற ஆய்வாளரின் குழு 2003-ல் வெளியிட்ட ஆய்வில், திரையில் இரண்டு முகங்கள். எது அழகு என்று பொத்தானை அழுத்த வேண்டும். ஆரம்பத்தில் கண் இரண்டுக்கும் சமமாகப் போய்வருகிறது. அழுத்துவதற்கு முந்தைய ஒரு விநாடிக்குள் தேர்ந்தெடுக்கப்போகும் பக்கம் சாயத் தொடங்கி, சாய்வு ஏறிக்கொண்டே போகிறது. எந்த முகம் உருண்டை என்று கேட்டபோது அந்த அளவுக்குச் சாயவில்லை.

அப்புறம் அவர்கள் திருப்பிப் போட்டுப் பார்த்தார்கள். ஒரு முகத்தை 0.9 விநாடியும் மற்றதை 0.3 விநாடியும் மாறிமாறிக் காட்டி, கண்ணையும் கூடவே நகர வைத்தார்கள். அதிக நேரம் பார்த்த முகம் ஏறக்குறைய 59 சதவீதம் ஜெயித்தது. கண்ணை நடுவிலேயே நிறுத்தியவர்களிடம் அந்தச் சாய்வு காணவில்லை. ஆக, பார்ப்பதே பிடிக்கவும் வைக்கிறது. அளக்கிற கோலே துணியை இழுக்கிற மாதிரி! கடைசிப் பார்வையில் எனக்கு உள்ள ஒரே சங்கடம் இதுதான்.

செலவிலும் கடைசிப் பார்வைக்கு ஒரு சௌகரியம் உண்டு. நாம் கூர்மையாகப் பார்க்கும் பரப்பு, கையை நீட்டிப் பிடித்த கட்டைவிரலின் அகலம்தான். மெனுவில் எந்த வரி என்று பிடிக்க அகச்சிவப்பு ஒளியால் கண்ணைப் பின்தொடரும் கருவி வேண்டும். திரையின் இரு ஓரங்களில் இரண்டு பெரிய படங்கள் என்றால் லேப்டாப் கேமராவே போதும்.