பிரவெக்டோ மாத்திரை: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்புரை

நாய்க்கு உண்ணி மருந்து வாங்கப் போகிறவர் கடையில் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: இதைக் கொடுத்தால் உண்ணி போய்விடுமா? பிரவெக்டோ மாத்திரையைப் பொறுத்தவரை, போய்விடும் என்று தயக்கமின்றிச் சொல்லலாம். ஆனால் உண்ணி போவது வேறு, உண்ணிக் காய்ச்சல் வராமலிருப்பது வேறு. இந்த வேறுபாட்டை நான் ஒரு நாயைப் பறிகொடுத்த பிறகே புரிந்துகொண்டேன். ஆகவே இம்மருந்தை அவ்விரண்டு கணக்குகளிலும் தனித்தனியே எடைபோடுவதுதான் நியாயமாகப் படுகிறது.

பறிகொடுத்தது ஆறு வயதுக் கோம்பை நாய். மதுரைக்கு வெளியே, சுற்றிலும் கருங்கல் மதிலும் பின்புறம் பழைய ஓட்டுக் கொட்டகையும் உள்ள வீடு எங்களுடையது. உண்ணி சோப்பு, பவுடர், தண்ணீரில் கலந்து குளிப்பாட்டும் மருந்து என்று கடைக்காரர் கொடுத்த அனைத்தையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தினோம். காதிலும் விரலிடுக்கிலும் இருந்தவற்றைப் பிடுங்கி மண்ணெண்ணெயில் போட்டோம். ஒரு நாள் காலையில் அதன் மூக்கிலிருந்து இரத்தம் வடிந்தது. ஒரு மாதமாக அது சற்றே மெலிந்து வந்ததை வெயிலின் சோர்வு என்று நாங்கள் நினைத்திருந்தோம். பரிசோதனையில் இரத்தத் தட்டணுக்கள் இருபதாயிரத்துக்கும் கீழே இறங்கியிருந்தன. ஏர்லிக்கியா என்று மருத்துவர் சொன்னார், டாக்சிசைக்ளின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லியைத் தொடங்கினார், நான்கு வாரம் கொடுக்க வேண்டிய மருந்தை ஒன்பது நாட்களே கொடுக்க முடிந்தது.

உண்ணி கடிப்பதால் பரவி உண்ணிக் காய்ச்சலை உண்டாக்கும் ஏர்லிக்கியா கேனிஸ் என்னும் இந்த நுண்ணுயிரி, இரத்தத்தின் வெள்ளணுக்களுக்குள் குடியேறி வாழும் பாக்டீரியா. 1935இல் அல்ஜீரியாவில் தொனாசியன், லெஸ்தோகார் என்னும் இருவர் இதை முதலில் விவரித்தனர். வியட்நாம் போரின் போது அமெரிக்கப் படையின் நாய்கள், குறிப்பாக ஜெர்மன் ஷெப்பர்டுகள், மூக்கில் இரத்தம் வடிந்து நூற்றுக்கும் மேல் இறந்த பிறகுதான் உலகம் இந்நோயைப் பெரிதாக எடுத்துக்கொண்டது. காய்ச்சல் அடங்கிய பிறகும் மாதக்கணக்கில், சில நாய்களில் ஆண்டுக்கணக்கில், வெளியே தெரியாமல் உடலில் தங்கியிருக்கக் கூடியது இது. மூக்கில் வடிந்த இரத்தம் நோயின் தொடக்கமன்று, கடைசிக் கட்டம் என்பது எங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

அடுத்து வந்ததும் நாட்டு நாய்தான். 22 கிலோ எடை. அதற்குத்தான் கடந்த ஓராண்டாகப் பிரவெக்டோ கொடுத்து வருகிறேன். எம்எஸ்டி நிறுவனத்தின் இம்மாத்திரை 2014இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. உள்ளிருக்கும் மருந்தின் பெயர் ஃபுளூராலனர். நாயின் எடைக்கு ஏற்ப 112.5 மில்லிகிராம் முதல் 1400 மில்லிகிராம் வரை ஐந்து அளவுகளில் கிடைக்கிறது; என் நாய்க்கு உரியது 20 முதல் 40 கிலோ வரைக்கான 1000 மில்லிகிராம் மாத்திரை. ஒரு மாத்திரை 12 வாரங்களுக்கு. வயிறு காலியாக இருக்கும்போது கொடுத்தால் மருந்து சரியாக உட்கிரகிக்கப்படாது என்பதால் சோறு வைக்கும் நேரத்திலேயே கொடுக்க வேண்டும். இறைச்சி வாசனை சேர்த்திருப்பதாகப் பெட்டி சொல்கிறது. என் நாய் அதை ஏற்கவில்லை. முதல் முறை துப்பிவிட்டது, மீன் குழம்புச் சோற்றில் பொதித்து வைத்த பிறகே உள்ளே போனது. பெரிய மாத்திரையைப் பாதியாக உடைத்து இரண்டு சிறிய நாய்களுக்குப் பங்கிட்டுக் கொடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வோர் எடைக்கும் தனி மாத்திரை செய்திருப்பதன் நோக்கத்தையே அது கெடுத்துவிடுகிறது.

கொடுத்த மறுநாளே பலன் தெரிந்தது. கழுத்து மடிப்பில் மொச்சைக்கொட்டை அளவுக்கு ஊதியிருந்தவை சுருங்கி, தொட்டாலே உதிர்ந்தன. மூன்றாம் நாள் சீப்பில் வந்தவை எல்லாம் காய்ந்த தோல்களே. உண்ணியின் நரம்புகளில் கிளர்ச்சியை அடக்கி வைக்கும் குளோரைடு வாயில்களை ஃபுளூராலனர் அடைத்துவிடுகிறது. அடக்க ஆளில்லாத நரம்பு ஓயாமல் துடித்து, உண்ணி செயலிழந்து சாகிறது. பாலூட்டிகளின் நரம்பில் உள்ள அதே வகை வாயில்களோடு இம்மருந்து மிகக் குறைவாகவே ஒட்டும் என்பதால்தான் நாய்க்குக் கொடுக்க முடிகிறது.

ஆறாவது வாரத்தில் மீண்டும் உண்ணிகள் தென்பட்டபோது மருந்து தீர்ந்துவிட்டது என்றே எண்ணினேன். அந்த எண்ணம் தவறு. நம் ஊர் நாய்களைப் பிடிக்கும் பழுப்பு உண்ணி, அதாவது ரைபிசெஃபாலஸ் சாங்குனியஸ், தன் வாழ்நாளின் மிகப் பெரும்பகுதியை நாயின் உடலுக்கு வெளியேதான் கழிக்கிறது. குஞ்சாக ஒரு முறை, இளம்பருவத்தில் ஒரு முறை, வளர்ந்த பிறகு ஒரு முறை என மூன்றே தடவை இரத்தம் குடிக்க நாயின் மேல் ஏறுகிறது. ஒவ்வொரு தடவையும் இறங்கிப்போய்ச் சுவர் வெடிப்பிலோ கூரை ஓட்டின் இடுக்கிலோ பதுங்கித் தோலுரிக்கிறது. வயிறு நிறைந்த ஒரு பெண் உண்ணி நாலாயிரம் முட்டை வரை இடும். நாயின் மேல் நாம் காண்பவை வீட்டிலுள்ள உண்ணிகளில் ஒரு சிறு பங்கே. எங்கள் மதிலின் கல்லிடுக்குகள் தலைமுறை தலைமுறையாக அவற்றுக்கு வீடாக இருந்திருக்கின்றன. அங்கிருந்து புதிதாக இறங்கி வந்தவற்றைத்தான் நான் ஆறாவது வாரத்தில் கண்டேன். ஏறியவை மறுநாள் செத்துக் கிடந்ததைப் பார்த்த பிறகே மருந்து வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது என்று உறுதியானது. அதன் பிறகு மதில் இடுக்குகளைச் சிமெண்டு பூசி அடைத்தேன். இரண்டாவது மாத்திரையின் முடிவில் கொட்டகைச் சுவரில் ஏறும் உண்ணிகளே அரிதாகிவிட்டன. ஒரு வகையில் பார்த்தால், மருந்து உண்ட நாயே வீட்டின் உண்ணிகளைக் கவர்ந்திழுத்து அழிக்கும் பொறியாகிவிட்டது. உண்ணி போவது என்ற முதல் கணக்கில் இம்மருந்துக்கு முழு மதிப்பெண் கொடுக்கிறேன்.

இரண்டாவது கணக்கு அவ்வளவு எளிதன்று. இம்மருந்து நாயின் தோலில் பூசப்பட்டதன்று, இரத்தத்தில் கலந்திருப்பது. ஆகவே உண்ணி கடித்துக் குடிக்கத் தொடங்கினால்தான் அதற்கு மருந்து போய்ச் சேரும். ஒட்டிக்கொண்ட உண்ணியைக் கொல்லத் தொடங்க 12 மணி நேரம் என்று மருந்துக் குறிப்பு சொல்கிறது. அந்த அளவும் ஐரோப்பாவின் இக்சோடிஸ் ரிசினஸ் உண்ணியை வைத்துச் சொல்லப்பட்டது. ஏர்லிக்கியாவோ, 2013இல் வெளியான தென்னாப்பிரிக்க ஆய்வு ஒன்றின்படி, உண்ணி ஒட்டிய மூன்று மணி நேரத்திலேயே நாய்க்குக் கடந்துவிடக் கூடியது. பன்னிரண்டிலிருந்து மூன்றைக் கழித்துப் பார்த்தால் இம்மாத்திரையின் எல்லை தெரிந்துவிடும். உண்ணி சாகும், ஆனால் சாவதற்கு முன்பே தன் வேலையை முடித்திருக்கலாம். நோய் பரவும் வாய்ப்பை முற்றிலும் விலக்க முடியாது என்று மருந்துக் குறிப்பே நேர்மையாக ஒப்புக்கொள்கிறது. அந்த வரியைக் கடைகளில் யாரும் படித்துக் காட்டுவதில்லை.

இதனால் மருந்து வீண் என்று சொல்ல வரவில்லை. ஏர்லிக்கியா உண்ணியின் முட்டை வழியாக அடுத்த தலைமுறைக்குப் போவதில்லை. நோயுற்ற நாயின் இரத்தத்தைக் குடித்த குஞ்சோ இளம் உண்ணியோ வளர்ந்து வேறொரு நாயைக் கடிக்கும்போதுதான் பரவுகிறது. மருந்து உண்ட நாயின் மேல் ஏறிய உண்ணி அடுத்த பருவத்தைக் காண்பதில்லை. ஆகவே எல்லா நாய்களுக்கும் தொடர்ந்து கொடுக்கும் வீட்டில் நோயின் சங்கிலி அறுபடும். ஒன்றுக்குக் கொடுத்து மற்றொன்றை விட்டால் அறுபடாது. தெருநாய்கள் தாராளமாக வந்து போகும் வாசலிலும் அறுபடாது.

இன்னோர் உண்ணி நோயான பபேசியாவில் நிலைமை இதைவிட நம்பிக்கை தருவது. அந்த ஒற்றைச் செல் உயிரி, உண்ணி ஒட்டிய பிறகே அதன் உமிழ்நீர்ச் சுரப்பியில் முதிர்ந்து வெளிவருவதால், நாய்க்குக் கடக்க இரண்டு நாள் அளவுக்கு ஆகிறது. அதற்குள் மாத்திரை உண்ணியைக் கொன்றுவிடும். ஐரோப்பிய வகையான பபேசியா கேனிஸை வைத்து நடந்த சோதனையில் மருந்து உண்ட நாய்களுக்கு நோய் தொற்றவில்லை. நம் பகுதியில் காணப்படுபவை வோகலி, கிப்சோனி என்னும் வேறு வகைகள் என்பதால் அம்முடிவை அப்படியே இங்கே பொருத்திக்கொள்ளக் கூடாது. கிப்சோனி நமக்கு அந்நியமானதும் அன்று: 1910இல் பேட்டன் என்னும் ஆய்வாளர் அதை முதன்முதலாகக் கண்டு விவரித்தது சென்னையின் வெள்ளையர் வேட்டைக் குழு வளர்த்த நாய்களின் இரத்தத்தில்தான், பிறகு அதை நரியின் இரத்தத்திலும் கண்டார்.

பாதுகாப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இவ்வகை மருந்துகள் சில நாய்களில் தசை நடுக்கம், தள்ளாட்டம், வலிப்பு ஆகியவற்றை உண்டாக்கலாம் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2018 செப்டம்பரில் எச்சரித்தது. ஆயினும் பெரும்பாலான நாய்களுக்குப் பாதுகாப்பானவை என்ற அங்கீகாரத்தைத் திரும்பப் பெறவில்லை. முன்பே வலிப்பு வந்த நாய் என்றால் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது. எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டிக்கும், இரண்டு கிலோவுக்குக் குறைந்த எடைக்கும், எட்டு வாரத்துக்குக் குறைந்த இடைவெளியிலும் கொடுக்கக் கூடாது என்பது ஐரோப்பியக் குறிப்பு. என் நாய்க்கு முதல் முறை மட்டும் ஒரு நாள் வயிற்றுப்போக்கு இருந்தது, வேறு தொல்லை இல்லை.

விலை ஆயிரங்களில் நிற்கிறது. சோப்புக்கும் பவுடருக்கும் பழகிய கைக்கு அது சுடும். மூன்று மாதத்துக்குப் பங்கிட்டுப் பார்த்தால் பொறுக்கலாம் என்பது என் கணக்கு. நான்கு நாய் வைத்திருப்பவருக்கு அக்கணக்கு ஒத்துவராது. அப்படிப்பட்டவர்கள் முதலில் சுவர் வெடிப்பை அடைத்துவிட்டு, பிறகு மருந்தைப் பற்றி யோசிக்கலாம். நான்காவது மாத்திரையை இம்மாதம் கொடுத்தாயிற்று. கூடவே ஆண்டுக்கு ஒரு முறை தட்டணுக்களை எண்ணிப் பார்க்கும் இரத்தப் பரிசோதனையையும் செய்துவருகிறேன். அதன் செலவு மாத்திரையின் விலையில் ஒரு சிறு பங்குகூட ஆவதில்லை.